மலைக்காரியை நிறுத்தி வைத்தவளுக்கு

ஏ புள்ள,

இன்று காலை முதல் பஸ்ஸில் பார்சல் வந்தது. கண்டக்டர் அண்ணன் அதை என் கையில் கொடுத்துவிட்டு, "என்னங்க இது, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். "இல்லீங்க, புஸ்தகம். நான் வரைஞ்சது" என்றேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விசில் ஊதினார். நம்பவில்லை போலிருக்கிறது. நம்பாவிட்டால் போகட்டும்.

ஊட்டுக்கு வரும்வரை பொறுக்கவில்லை. ரோட்டோரத்திலேயே சணலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். புதுத்தாளும் மையும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. நீ வேலை பார்த்த ஜெராக்ஸ் கடை வாசம். எத்தனை முறை துவைத்தாலும் உன் சுடிதாரில் ஒட்டியிருக்குமே, அதே வாசம். புத்தகத்தைத் திறக்காமல் மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மலைக்காரியின் மூன்றாம் பாகம், கடைசிப் பாகம், அச்சாகி வந்துவிட்டது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

நாம் இதில் இறங்கிய விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான். மலைமேல் பைல் நாட்டிலிருந்து நீயும் அரியூர் நாட்டிலிருந்து நானும் ஒரே ஹாஸ்டலில் இருந்து படித்தோம். பிறகு உங்கள் குடும்பம் மலையிறங்கிச் சேந்தமங்கலத்துக்குக் குடிபோனது. நீ ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாய். நான் மேலேயே இருந்து, பாதி நாள் மிளகுக் கொடியும் மரவள்ளிக் காடும் பார்த்துக்கொண்டு, மீதி நாள் கேட்டவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் போடக் கீழே வந்தால் உன் ஊட்டில்தான் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிறு, உன் அண்ணன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டி உட்கார்ந்திருந்தாய். தலையைக்கூடத் திருப்பாமல், "வந்துட்டியா, இவளைப் பாரு" என்றாய்.

பார்த்தேன். ஒரு படைவீராங்கனை. கூட இருந்தவர்கள் எல்லாம் போரில் செத்துப்போக, அவர்கள் கழுத்தில் கிடந்த பெயர்த் தகடுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் அவரவர் ஊட்டில் சேர்ப்பதற்காக மலை மலையாக நடக்கிறாள். அவளுடைய வெளிநாட்டுப் பெயர் நம் வாயில் நுழையவில்லை. மலைக்காரி என்று நீ பெயர் வைத்தாய். எனக்கு ஆடத் தெரியாது. கையில் அந்தக் கன்ட்ரோலரைக் கொடுத்தால் அவளைச் சுவரில் மோதவிடுவேன். அதனால் நீ ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்பது பக்க நோட்டில் அவளைக் கிறுக்கினேன். பிறகு விளையாட்டில் இல்லாத கதைகளை நாமே கட்டினோம். அந்தத் தகட்டுக்காரர்கள் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தார்கள், அவளை எப்படிக் கிண்டல் செய்தார்கள் என்று நீ சொல்லச் சொல்ல அது காமிக்ஸ் ஆனது.

நான் வரையும் முறை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. முதலில் தீக்குச்சி மனிதர்களை வைத்துப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிப்பேன். பிறகு நீலப் பென்சில், அதன்மேல் மைப் பேனா. காய்ந்ததும் வாசலில் வெயில் விழாத வெளிச்சமாகப் பார்த்துப் போனில் படம்பிடித்து, டேப்லெட்டில் ஏற்றி வண்ணம் போடுவேன். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், கருநீலம் போடு என்று பிடிவாதம் பிடித்தது நீ. கடையில் முதல் பிரதி எடுத்தபோது ஓரத்தில் இருந்த வசனமெல்லாம் வெட்டுப்பட்டு, மலைக்காரி பாதிப் பேச்சில் ஊமையாக நின்றாளே. அன்றிலிருந்து நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் விட்டுத்தான் கோடு போடுகிறேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் வேலை உன்னுடையது. நான் "நில்லு" என்றால் நீ மலைக்காரியை நின்ற இடத்தில் நிறுத்துவாய். விளையாட்டையே நிறுத்திவைத்தால் திரையை மெனு வந்து மறைத்துவிடும். அதனால் அவள் நடுக்களத்தில் நிராயுதபாணியாக நிற்க வேண்டும். நீ சுற்றிச் சுற்றிக் காட்டுவாய், நான் வரைவேன், அதற்குள் எதிரி வந்து வெட்டிப் போட்டுவிடுவான். மறுபடியும் கடைசியாகச் சேவ் செய்த ஓடைக்கரையிலிருந்து ஆரம்பம். "இந்தப் புள்ளைக்கு ஒரு காது வரையறதுக்கு நான் நாலு தடவை சாகணும்" என்று உங்கம்மாவிடம் சலித்துக்கொள்வாய். ஆனால் அடுத்த "நில்லு"க்கு நிறுத்தாமல் இருந்ததே இல்லை.

முதல் பாகத்தில் நான் செய்த தப்பு நினைவிருக்கிறதா? விளையாட்டில் அவள் வாளை முதுகில் மாட்டியிருப்பாள். நான் யோசிக்காமல், நம் ஆட்கள் கொடுவாள் செருகுகிற மாதிரி இடுப்புக்குப் பின்னால் செருகிவிட்டேன். இறக்கத்தில் அவளை முழங்காலை மடக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்கவிட்டிருந்தேன். நீ பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏ புள்ள, இவ சண்டைக்குப் போறாளா, மரவள்ளி புடுங்கப் போறாளா?" எனக்கு அவமானமாகிவிட்டது. ரப்பரை எடுத்தேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய். "அழிக்காதே. நம்ம ஊர்ல இறங்குனா இப்படித்தான் இறங்குவா."

அதை அப்படியே இணையத்தில் போட்டோம். வாள் இடம் மாறியிருக்கிறது என்று பத்துப் பேர் குற்றம் கண்டுபிடித்தார்கள். எங்கோ ஒரு மலைநாட்டுக்காரர் மட்டும், இவள் இப்போதுதான் நிஜமாகவே மலையில் நடக்கிறாள் என்று எழுதினார். நீ அதைப் பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினாய். உன் முதலாளி கிழிக்கச் சொல்லியும் கிழிக்கவில்லை.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கூச்சம்தான். ஆனால் உன்னிடம் மறைத்து ஆவதென்ன?

இரண்டாம் பாகத்தின் அட்டைக்கு மலைக்காரி பாறையிலிருந்து பாய வேண்டும். ஒரு வாரம் போட்டும் பாய்ச்சல் வரவில்லை. தவளைதான் வந்தது. வேறு யாரோ வேறு ஒரு கதாபாத்திரத்தை வரைந்திருந்த பாய்ச்சல் ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டது. அதை டேப்லெட்டில் அடியில் வைத்து, மேலே கோட்டை ஓட்டி, உடையை மாற்றி, என் படம் என்று போட்டுவிட்டேன். அதுவரை போட்ட எல்லாப் படங்களுக்கும் சேர்ந்து வராத பாராட்டு இரண்டே நாளில் வந்தது. சென்னையில் நடக்கும் காமிக்ஸ் சந்தை ஒன்றில் மேசை தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். தலைகால் புரியாமல் கடைக்கு ஓடிவந்தேன்.

நீ படத்தை வெகுநேரம் பார்த்தாய். "இது உன்ற கோடு இல்லையே" என்றாய்.

"எதை வெச்சுச் சொல்றே?"

"நீ கணுக்காலை இப்படிப் போட மாட்டே."

கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்குக் கோபம்தானே முதலில் வரும்? ஆளே நம்முடையவள் இல்லை, விளையாட்டே யாரோ செய்தது, இதில் கோடு மட்டும் யாருடையதாக இருந்தால் என்ன என்று கத்தினேன். கடையில் ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ குரலை உயர்த்தவே இல்லை. "ஆளு அவங்களுது, ஊரு அவங்களுது. உன்றதுன்னு அதுல இருக்கறது அந்தக் கோடு ஒண்ணுதான். அதையும் இரவல் வாங்கிட்டா, நீ எதுக்குப் புள்ள?"

இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் உன்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. கடைசியில் படத்தை எடுத்துவிட்டு, செய்ததைச் சொல்லி எழுதினேன். அந்த ஓவியருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சந்தைக்காரர்கள் மேசை இல்லை என்றார்கள். வாய்க்கு வந்தபடி ஏசியவர்களும் உண்டு. அடுத்த ஞாயிறு உன் ஊட்டு வாசலில் வந்து நின்றேன். நீயோ துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வா, பாய்ச்சல்தானே வேணும்?" என்று தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினாய்.

பதினோரு முறை குதித்தாய். பக்கத்து ஊட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?" என்று உங்கம்மாவைக் கேட்டது. "அது படத்துக்குங்க" என்று உங்கம்மா சொன்னதும், அந்த அக்கா எந்தப் படம், நடிகர் யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. பதினோராவது குதியில் உன் கணுக்கால் திரும்பிய கோணம் எனக்குக் கிடைத்தது. என் வாழ்நாளில் நான் போட்ட மிக நல்ல கோடு அதுதான். வந்த பாராட்டு முன்னதில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் அந்த அட்டையைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

மூன்றாம் பாகம் பாதியில் இருக்கும்போது உனக்கு ரத்தத்தில் கோளாறு என்றார்கள். சேலம் ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்குமாக அலைந்தாய். விளையாட்டில் கடைசி மலை மிச்சமிருந்தது. எனக்குக் கடைசிப் பதினாறு பக்கம் மிச்சமிருந்தது. நான் வரும்போதெல்லாம், "கை நடுங்குது புள்ள, அப்புறம் ஆடிக் காட்டறேன். நீ வேற எதாச்சும் வரை" என்பாய். நானும் வற்புறுத்தவில்லை. அந்த அப்புறம் வரவில்லை. நீ போய்விட்டாய்.

எட்டு மாதம் நான் பேனாவைத் தொடவில்லை. முடிவு எப்போது என்று படித்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண்ணின் தகடுகளைப் பாதி வழியில் விட்டுவிடுவதா? அது நீ பாதியில் விட்டது போலத்தானே ஆகும்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் டேப்லெட்டை எடுத்தேன். கடைசி மலைச் சண்டையை யாரோ ஒருவர் அற்புதமாக வரைந்து இணையத்தில் போட்டிருந்தார். அதை அடியில் வைத்தேன், புள்ள. மூன்று கட்டம் ஓட்டிவிட்டேன். நாலாவதில் கணுக்கால் வந்தது. மூன்றையும் அழித்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறி உங்கம்மாவிடம் போனேன்.

அந்தப் பெட்டியைக் கேட்கத்தான் போனேன். சுவரில் மோதி மோதியாவது நானே ஆடிப் பார்த்து வரைவது என்று முடிவு. உங்கம்மா பெட்டியைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். "எடுத்துட்டுப் போ கண்ணு. பகலெல்லாம் இதை வெச்சுட்டுத்தான் உக்காந்திருப்பா. ஏஞ்சாமி, செத்த நேரம் படுக்கக் கூடாதான்னா, வேலை இருக்குதும்மான்னு சொல்லுவா" என்றார்கள்.

எனக்கு அது விளங்கவில்லை. நீதான் ஆடவே இல்லையே? அங்கேயே டிவியில் மாட்டித் திறந்தேன். எங்கே விட்டாயோ அங்கிருந்து தொடர்வதற்கு ஒரே ஒரு சேவ்தான் இருக்கும் என்று நினைத்தேன். பத்தொன்பது இருந்தன.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலாவதில் மலைக்காரி கடைசி மலையின் அடிவாரத்தில் நிற்கிறாள், வெயில் இடது பக்கத்திலிருந்து. இரண்டாவதில் பாலத்தின் நடுவே. ஏழாவதில் காவல் பூதம் கையை ஓங்கியிருக்கிறது, அவள் தள்ளி ஒரு தூண் மறைவில் இருக்கிறாள். அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் அவளை வெட்டவில்லை. அப்போதுதான் புரிந்தது. எந்த இடத்தில் நின்றால் எதிரி வரமாட்டான், எந்த இடத்தில் வெளிச்சம் முகத்தில் விழும் என்று தேடித் தேடி, அந்த நடுங்கும் கையோடு எத்தனை முறை செத்தாயோ, கடைசி மலை முழுவதையும் எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாய். எனக்கு ஆடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் பார்த்து வரைந்தால் போதும் என்று விட்டிருக்கிறாய். உங்கம்மா மடியில் தலையை வைத்து அழுதேன். நீ போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

பதினாறு பக்கத்தையும் அந்தப் பத்தொன்பது இடங்களைப் பார்த்தே வரைந்தேன். ஒரு கோடுகூட இரவல் இல்லை. இறக்கத்தில் முழங்காலை மடக்கித்தான் இறங்குகிறாள். அட்டையில் உன் பெயரையும் போட்டிருக்கிறேன். "நானா வரைஞ்சேன்?" என்று நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். வா, வந்து போடு சண்டையை.

பத்தொன்பதாவது சேவ் பற்றி மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சண்டையெல்லாம் முடிந்துவிட்டது. பையில் ஒரே ஒரு தகடு. மலைக்காரி கடைசி ஊட்டுக் கதவின் முன்னால் நிற்கிறாள். தட்ட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நீ அழுத்தவில்லை. விளையாட்டு முடிந்ததாகப் பெட்டியில் எங்கும் பதிவில்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்து, முடிவைப் பார்க்காமல் எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் அழுத்தினேன், புள்ள. உனக்குத் தெரியாதில்லையா, சொல்கிறேன். ஒரு நடுவயசு ஆள் கதவைத் திறந்தார். இவளைப் பார்த்தார், கையில் இருந்த தகட்டைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். ஒன்று அவளுக்கு, ஒன்று வராதவனுக்கு. அவ்வளவுதான் முடிவு.

அதை ஒரு முழுப்பக்கமாக வரைந்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.