கழுத்துக் கருப்பு

அன்புள்ள உருண்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

போன மாதம் வேலை முடிந்து கிளம்பும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. பாதத்தை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நாள் முழுக்க நின்றுகொண்டு துணி வெட்டுகிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்றேன். உன் மாமா கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சர்க்கரை என் சிறுநீரகங்களை முக்கால்வாசி கெடுத்துவிட்டதாம். கொஞ்ச காலம் தாங்கும், அதற்கப்புறம் இயந்திரம், இல்லையென்றால் வேறொருவர் சிறுநீரகம் என்றார் டாக்டரம்மா. இதுவரை உனக்குத் தெரியும்.

கேட்டதும் நீ என்ன சொன்னாய்? "எனக்குத்தான் ரெண்டு இருக்கே, ஒன்னு எடுத்துக்க. என் உடம்புக்கு அதுவும் பெரிய சைஸாத்தான் இருக்கும்" என்றாய். சிரித்தேன். போனை வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்தது.

அடுத்த முறை போனபோது, தம்பி தருகிறான் என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். தம்பி எப்படி இருப்பார் என்று கேட்டார். என்னைவிடப் பெரிய உடம்பு என்றேன். அப்பா எப்படி என்றார். அவரும் அப்படித்தான், சர்க்கரை வந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தார் என்றேன். அவர் எழுந்து வந்து என் கூந்தலை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். "அப்பாவுக்கும் இப்படிக் கருத்திருந்துச்சா?" என்று கேட்டார்.

அப்பா கழுத்தில் இருந்ததை அம்மா அழுக்கு என்று நினைத்து நாரால் தேய்ப்பதும், தோலை உரிக்காதே என்று அப்பா கத்துவதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அது அழுக்கே இல்லையாம், தம்பி. உடம்புக்குள் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாம்.

"சில குடும்பத்துல உடம்பு பெருக்கறதுல பாதி பிறவியிலேயே வருது. ஒரு மரபணு இல்ல, நிறைய சேர்ந்து செய்யுற வேலை. அப்படிப்பட்டவங்களுக்குச் சர்க்கரையும் வந்தா, சிறுநீரகம் கெடுற ஆபத்து இன்னும் கூடுது" என்றார். என் தட்டைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் எல்லாம் நினைவுக்கு வந்தார்கள். ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. உடனே உன் முகம் வந்தது.

"தம்பியை முதல்ல சோதிக்கணும். எடுக்குறதுக்கு இல்லம்மா, அவரைக் காப்பாத்துறதுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் திரும்பி நிற்கிறாய். காலருக்கு மேல் தெரிவது நிழலா, கருப்பா என்று புரியவில்லை. நிழலாகவே இருக்கட்டும்.

ரத்தம், சிறுநீர் இரண்டையும் கொடுத்துச் சோதித்துப் பார். எனக்காகப் போகாதே. உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். உனக்காகப் போ.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
அக்கா

***

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் மாமாதான் சத்தமாகப் படித்தார். சர்க்கரை இருக்கிறது, சிறுநீரில் புரதம் லேசாகக் கசிகிறது என்பது வரை படித்துவிட்டார். "மன்னிச்சுக்க அக்கா, உனக்குக் கொடுக்க முடியாமப் போச்சு" என்ற இடம் வந்ததும் கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். இது ஆரம்பம்தான், எடையைக் குறைத்து, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பிடித்து வைத்தால் பல வருஷம் தள்ளிப்போடலாம், சிலருக்கு இதோடு நின்றும் விடுகிறது என்றார். கூடப்பிறந்ததை மாற்ற முடியாது, அது போகிற போக்கை மாற்றலாம் என்றார். எனக்கு இந்த வார்த்தையை யாரும் நேரத்தோடு சொல்லவில்லை. உனக்குச் சொல்லிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொள்.

என்னைப் பற்றி யோசிக்காதே. நேரம் வந்தால் இயந்திரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஊசியைப் பார்த்தாலே ஓடுகிறவள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நேற்று பிள்ளைக்குத் தலை பின்னும்போது கை நின்றுவிட்டது. முடியை விலக்கிக் கழுத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "என்னம்மா, பேன் இருக்கா?" என்றாள். பிறகு பார்த்தேன். ஒன்றுமில்லை. இப்போதைக்கு ஒன்றுமில்லை.

மாத்திரையை ஒரு வேளையும் விடாதே. தினமும் நட. மன்னிப்பு மட்டும் இன்னொரு தடவை கேட்காதே, எனக்குத் தாங்காது. அப்பா எட்டாத வயதை நீ எட்ட வேண்டும். பல் கொட்டி, காது கேட்காமல், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு என்னோடு சண்டை போட வேண்டும். அதுவரை நானும் இருந்து பார்க்கிறேன்.

உன் அக்கா