அம்மா தூக்கிய தட்டு

2006 நவம்பர், செவ்வாய் இரவு

நான் வேலை பழகும் சால்மன் குஞ்சு பொரிக்கும் பண்ணைக்கு இன்று அம்மா சோற்றுப் பெட்டியோடு வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட கோபத்தில் இதுவரை அந்தப் பக்கமே வராதவர்.

"இந்தக் குளிருக்கை, மீன் நாத்தத்துக்கை நிக்கவோடி படிப்பை விட்டனி?" என்றார். அவர் பொரிப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு முட்டைத் தட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முட்டைக்குள் கறுப்பாகக் கண் தெரியும்வரை தட்டை அசைக்கவே கூடாது. அசைத்தால் செத்துவிடும்; இவற்றில் இன்னும் கண் தெரியவில்லை. "வேண்டாம் அம்மா" என்று நான் தடுக்கவில்லை.

பின்னேரம் பொறுப்பாளர் கெர்டா, மூடி விலகியிருப்பதைக் கண்டு, யார் திறந்தது என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் திட்டவில்லை. "காலையில் தெரிந்துவிடும்" என்றார். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். எனக்கு அவுஸ்பில்டுங் என்ற சம்பளத்தோடான தொழிற்பயிற்சிக்கு இடம் தருவதா என்று அடுத்த கிழமை சொல்லப்போகிறவரும் அவர்தான்.

இப்போது அம்மா கூடத்தில் பெரியம்மாவோடு போனில் கதைக்கிறார்.

"ஓம் அக்கா, நானே கையிலை தூக்கிப் பாத்தனான். மாதுளை முத்து மாதிரிக் கிடக்கு. எல்லாத்தையும் எங்கட பிள்ளைதான் பாக்கிறாள்."

என்னைப் பற்றி அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"குஞ்சு எப்ப பொரிக்குமோ? பொறுங்கோ, அவளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

என் அறைப் பக்கம் வருகிறார். விளக்கை அணைக்கப்போகிறேன்.