உடம்புச் சூட்டில் ஒரு குப்பி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மருமகளும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்கிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாமே, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். கிழித்து மட்டும் போடாதே.

அப்பாவின் குதிகாலில் வெட்டிய கறுப்புப் புற்றில் ஒரு துணுக்கை, அவர் சம்மதத்தோடு, ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்தார்கள் அல்லவா? அவர் போய்விட்டார், அது இன்னும் உயிரோடு இருக்கிறதாம். பார்க்க வேண்டும் என்று நான்தான் ஆராய்ச்சி டாக்டரம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் வரச் சொன்னார்.

பிரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டி. திறந்தால் குளிரவில்லை, வெதுவெதுவென்று இருக்கிறது. உள்ளே தட்டையான குப்பிகள், ரோஸ் நிறத் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் அதற்குத் தீனியாம். ஒன்றில் அப்பாவுடையது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கொசகொசவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. அங்கே வேலை செய்யும் பெண் அந்தக் குப்பியைக் காட்டி, "டிரைவர் ஐயாவுக்குச் சாப்பாடு மாத்தணும்" என்றாள். என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் அப்பாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை. இது நன்றாகத் தின்கிறது.

"அவரைத் தின்னதுக்கா சோறு போடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "சாகடிக்கத்தாம்மா வளர்க்கிறோம். எந்த மருந்துக்குச் சாகும்னு பாக்கணும். இது லேசுல சாக மாட்டேங்குது" என்றார். வெயில் பட்டு வருகிற புற்றுக்கு இப்போது நல்ல மருந்து வந்திருக்கிறதாம். உள்ளங்காலில் வருவது வேறு ரகம், அந்த மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதாம். எப்போது கண்டுபிடிப்பீர்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கையுறை மாட்டிவிட்டுக் குப்பியைக் கையில் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. வண்டி ஓட்டிவிட்டு வந்து, பிடித்துவிடு என்று காலை நீட்டுவாரே, அந்தச் சூடு. சபிக்கத்தான் போனேன். வாய் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பாதத்தில் கறுப்பாக ஒன்று இருப்பதாக மருமகள் சொன்னாள். அவளைத் திட்டாதே. ஷூ கடித்தது என்றாயாம். அப்பா என்ன சொன்னார்? "பிரேக்கை மிதிச்சு மிதிச்சு காய்ச்சுப் போச்சு. இது டிரைவருக்குக் குத்துற முத்திரை" என்றார். வீடே சிரித்தது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கு வரும் என்றில்லை, வெறும் காய்ப்பாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்றார். சின்னதிலேயே வெட்டினால் பிழைக்கலாம், உடம்பெல்லாம் பரவிவிட்டால் தன் கையில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். அவர் கையிலேயே இல்லை என்றால் என் கையில் என்னப்பா இருக்கிறது, இந்தப் பேனாவைத் தவிர?

பக்கத்தில் இருந்தால், சின்ன வயதில் முள் எடுத்ததுபோல், உன் காலை இழுத்து மடியில் வைத்துப் பார்த்திருப்பேன். இத்தனை தூரத்திலிருந்து எதைப் பிடித்து இழுப்பேன்? ஷூவைக் கழற்றி டாக்டரிடம் காட்டு, கண்ணா. பாதத்தில் பாதியை வெட்டினாலும் வெட்டட்டும். நொண்டிக்கொண்டாவது நீ இந்த வாசலுக்கு வர வேண்டும். உன்னையும் குப்பியில் போய்ப் பார்க்க என்னால் ஆகாது.

என் ஆயுசையும் சேர்த்து நீ இரு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா