பூவாடைக்காரிக்கு எடுத்த புடவை

தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமைப் பூஜைக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

குடும்ப வரலாறு எழுதுகிறேனே, அதில் மரகதம் அத்தை இறந்த தேதி மட்டும் பாக்கி. கீழ்பென்னாத்தூர் இறப்புப் பதிவேட்டில் அவள் பெயரே இல்லை. கிணற்றில் விழுந்தாள் என்று அப்பா சொன்னதை நம்பித்தானே, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் அவளை வீட்டுத் தெய்வமாக, பூவாடைக்காரியாகக் கூப்பிட்டுப் புடவை படைக்கிறோம்?

அத்தையோடு படித்த ஒருத்தி, தயங்கித் தயங்கி ஒரு முகவரி கொடுத்தாள்.

நேற்று அத்தையைப் பார்த்தேன். செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறை. எண்பது வயது. சுவரில் மாலை போட்ட ஓர் ஆணின் படம். அது யார் என்று நான் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

நம் வீட்டில் பூஜை நடந்த நாட்களை மட்டும் வரிசையாகச் சொன்னாள். உன் கல்யாணத்துக்குச் செய்ததையும் சொன்னாள். "அன்னிக்கெல்லாம் யாரோ என் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்கப்பா. மல்லிப்பூ வாசனை ஜாஸ்தியாயி மூச்சு அடைக்குது."

உன் மகளுக்குக் கல்யாணம் வருவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது கேட்டாள்: "இந்த வாட்டி உன் தங்கச்சி என்ன கலர் பொடவை எடுத்திருக்கா?"

புடவையை என்னிடம் கொடுத்தனுப்பு. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. அவளுக்குக் கேட்கிறது.

உன் அண்ணன்