பச்சைப் பொட்டு வைத்த அட்டை

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் நலம் சொல்ல வேண்டும் அல்லவா, சொல்லிவிடுகிறேன். வலது முழங்காலைத் தவிர நான் நலம், என்னைத் தவிர வேறு தொந்தரவு இல்லாததால் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று எழுதப் போனேன், பேனா அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் எனக்கு அது தெரியாது. இருபத்து மூன்று நாளாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், என் கையெழுத்தைப் பார்த்து அப்பா இது எறும்பு மையில விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கு என்று சின்ன வயதில் சிரிப்பாய், அன்றிலிருந்துதான் நீ எனக்குக் கட்டெறும்பு. இப்போதும் சிரித்துக்கொண்டே படி. ஆனால் பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே, பாதிக்கு மேல்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டுச் செய்தி என்னவென்றால் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு இதை மாத்தறதுக்கு வீட்டையே மாத்திடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா சட்டைக் காலர் தைக்கும் வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டாள், தையல் மெஷின் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காதாம். குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போன் இருக்கிறது. நேற்று மணி அடித்தது, ஈரக் கையோடு ஓடினாள், பார்த்தால் கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண். வேண்டாம் என்று வைக்க வேண்டியதுதானே, உன் அம்மா என்ன கேட்டாள் தெரியுமா, உன் குரல் என் பொண்ணு குரல் மாதிரியே இருக்கும்மா, இன்னும் ரெண்டு வார்த்தை பேசேன் என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் பயந்து வைத்துவிட்டது. இதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன், முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். நானே வாயை மூடினேன் என்றால் இங்கே நிலைமை எப்படி என்று உனக்குப் புரியும்.

நீ கடைசியாக அனுப்பியது நாலு வரி. போனஸ் ஒன்றும் இல்லை, பத்துப் பேரில் கடைசி நான்தானாம், எதிர்பார்த்த அளவுக்கு இல்லையென்று எழுதியே கொடுத்துவிட்டார்கள், அவங்க சொல்றது சரிதான்பா, நான் எதுக்கும் லாயக்கில்லை, கொஞ்ச நாள் கூப்பிடாதீங்க. அதோடு போன் அணைந்தது அணைந்ததுதான். உங்கள் கிளையில் வரவேற்பு மேசையில் இருக்கிற அம்மாவை எங்கள் காபி அறைப் போனிலிருந்து பிடித்தேன். முதல் வாரம் கேட்டபோது, வருதுங்க, உட்காருது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துட்டுப் போகுது என்றார். நேற்று கேட்டால் திங்கட்கிழமையிலிருந்து வரலீங்க, லீவு எழுதிக் கொடுத்திருக்கு என்கிறார். அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். கண்ணு, நீ லாயக்கில்லாதவள் என்று யாரும் முடிவு செய்யவில்லை. உன்னைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது என் வாய். நான் அந்த அறையில் இருந்தேன், கண்ணால் பார்த்தேன், இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

நீ அந்தக் கோடி ஊர்க் கிளையில் உட்கார்ந்து யாருக்குக் கடன் கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று கோப்பு பார்க்கிறாய், நான் அதே கம்பெனியின் தலைமை ஆபீஸில் ஏழாவது மாடியில் பதினேழு வருஷமாகக் காபி கொடுக்கிறேன். வருஷக் கணக்கு முடிந்ததும் நீள மேசை போட்ட அறையில் பெரியவர்கள் இரண்டரை நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். உள்ளே போய் வர எனக்கு மட்டும்தான் அனுமதி, எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். சுவர் நிறைய ஒரு வெள்ளைப் பலகை. அதில் காந்தத்தால் ஒட்டிய சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஆளின் படமும் பேரும். பலகையை ஐந்து கட்டமாகப் பிரித்திருப்பார்கள், ஜன்னல் பக்கக் கட்டத்தில் இருப்பவருக்கு அள்ளிக் கொடுப்பார்கள், கதவுப் பக்கக் கட்டத்தில் இருப்பவருக்குக் கையை விரிப்பார்கள். மொத்தம் எவ்வளவு என்பது இவர்கள் உட்காருவதற்கு முன்பே மேலே முடிவாகிவிடும், அதனால் ஒருவருக்குக் கூட்ட வேண்டுமானால் இன்னொருவரிடமிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் கதவுப் பக்கம் போயே தீர வேண்டும், பத்துப் பேரும் மாடாக உழைத்திருந்தாலும் சரி, அது அவர்கள் சட்டம். அப்புறம் யார் அந்த ஒருவர் என்று சண்டை. யாருடைய மேலாளர் மேசையைத் தட்டிப் பேசுகிறாரோ அவருடைய ஆட்கள் ஜன்னல் பக்கம் நகருவார்கள், சாப்பாட்டு நேரம் நெருங்கினால் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். நான் ரொட்டித் தட்டை ஏந்திக்கொண்டு வந்த வேகத்தில் மூன்று பேர் கதவுப் பக்கம் போனதை ஒரு வருஷம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தட்டைக் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுவந்திருக்கலாமே என்று நாலு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்புறம் மறந்துவிட்டேன். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளோ என்றுதானே.

இப்போது என் லட்சணத்தைக் கேள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் லிப்டில் நெட்டி சாரோடு போனேன். வெளிக் கிளைகளுக்கெல்லாம் தலைவர் அவர், பேசும்போது விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பார், அதனால் காபி அறையில் எங்களுக்கு அவர் நெட்டி. உங்க பொண்ணு நம்ம கிளையிலதானே, அங்க பிடிச்சிருக்கா என்று சும்மா கேட்டார். புத்தி உள்ளவன் நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பான். எனக்குத்தான் அது பக்கத்தில்கூட வராதே. அடிச்சு விரட்டினாலும் போகாது சார், இருபது வருஷக் கடன்ல வீடு வாங்கியிருக்கு, வேற கம்பெனிக்காரன் கூப்பிட்டான், எனக்கு இந்த இடம் போதும்னு சொல்லிட்டுது, விசுவாசம்னா அதுதான் சார் என்று ஏழு மாடியும் அளந்தேன். அந்த இன்னொரு கம்பெனி விஷயத்தை யாரிடமும் சொல்லாதீங்கப்பா என்று நீ என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். உன்னைப் பற்றி ஒரு பெரிய மனிதர் கேட்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தோளில் தட்டிக் கொடுத்து, நல்ல பொண்ணு என்றார். அன்று முழுக்க எல்லோருக்கும் காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடவே போட்டேன்.

கூட்டத்தின் முதல் நாள் பலகையில் நடுக் கட்டத்தில் உன் முகம் இருந்தது, காலர் ஒரு பக்கம் மடங்கிய அந்தப் படம். சில அட்டையில் சிவப்புப் பொட்டு, சில அட்டையில் பச்சைப் பொட்டு. உன்னுடையதில் பச்சை. ரோட்டில் சிவப்பென்றால் நில், பச்சையென்றால் போ, என் படிப்பு அவ்வளவுதானே. அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டு, கட்டெறும்பே, பச்சை வாங்கியிருக்கே, இந்த வருஷம் மழைதான் என்று குதித்தேன். நீயும் அதை நம்பி நாங்கள் வந்து உன்னைப் பார்க்க டிக்கெட் பார்த்தாய், உன் அம்மா விமானத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள்.

இரண்டாம் நாள் பதினொரு மணிக் காபி. உங்கள் பிரிவில் ஒருவர் கதவுப் பக்கம் போக வேண்டும், யார் என்று முடிவாகவில்லை. உன் மேலாளர் அங்கிருந்து போனில் பேசினார், அந்தப் பொண்ணு கோப்பில ஒரு தப்பு வரலை சார் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, அதற்குமேல் லைன் கரகரவென்று அறுந்துவிட்டது. நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிற எச்.ஆர். அம்மா, இன்னும் மூணு பிரிவு பாக்கி, சீக்கிரம் என்றார். நெட்டி சார் பலகைக்கு எழுந்து போய், சிவப்பையெல்லாம் தொடக்கூடாது, கையை வச்சா அடுத்த மாசமே போட்டிக் கம்பெனியில இருப்பாங்க, பச்சையில ஒண்ணை எடுங்க, கொடுக்காட்டியும் எங்கேயும் போகமாட்டாங்க என்றார். சொல்லிக்கொண்டே உன் அட்டையை விரலால் தள்ளினார். பலகையில் அது சர்ரென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் வந்தது. அடிச்சு விரட்டினாலும் போகாதாம், அப்பாவே சொன்னாரு என்று என்னைப் பார்த்துச் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். உன் வேலை ஒழுங்கில்லை என்று ஒரு வார்த்தை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை, அதை அப்புறம் யாரோ காரணம் வேண்டுமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கையில் ஏழு கோப்பை. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற உன் அப்பன் ஏழு கோப்பையையும் ஒவ்வொருவர் முன்னாலும் சத்தம் வராமல் வைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். வந்து கோப்பை கழுவினேன். இதுதான் நான் செய்தது.

உன் நாலு வரி வந்த மறுநாள் அவரை வண்டி நிறுத்துகிற இடத்தில் பிடித்தேன். சார், நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன், என் பொண்ணு போயிடும் சார், அட்டையை மாத்துங்க என்று கெஞ்சினேன். பலகையைத் துடைச்சாச்சே பெரியவரே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், அதோடு உள்ள கேட்டதை வெளியே சொல்றதில்லைன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும் என்றும் சொன்னார். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், பேசக் கூடாத இடத்தில் பேசினேன், பேச வேண்டிய இடத்தில் வேலைக்குப் பயந்தேன். நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. போனை எடுத்து உன் எண்ணை அழுத்தி என் காதில் வைத்தாள், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தக் குரல் மூன்று தரம் சொல்லி முடிக்கும்வரை என் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

இதை ஆபீஸ் தபால் பையில் போட்டால் காசில்லாமல் வந்துவிடும், யார் பிரித்துப் படிப்பார்களோ, அதனால் கூரியரில் உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். படித்துவிட்டு மறைத்து வைக்காதே, யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு, இன்ன தேதி இன்ன மணிக்கு இப்படி நடந்தது என்று எங்கே வந்து கேட்டாலும் சொல்கிறேன். என் வேலை போனால் போகட்டும், காபி போடத் தெரிந்தவனுக்கு ஒரு அடுப்பு கிடைக்காமலா போகும். அந்த இன்னொரு கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுப் பேசு. பேச முடியாவிட்டால் அதுவும் வேண்டாம், முதலில் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வை, யாராவது கதவைத் தட்டினால் யாரென்று கேள்.

எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அது உன் இஷ்டம், வருஷக்கணக்கில் ஆனாலும் நான் காத்திருப்பேன், உன் அம்மாதான் காத்திருக்கமாட்டாள். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். ஒரே ஒரு தரம் போனைப் போட்டு, இந்தப் பக்கம் மணி அடித்ததும் வைத்துவிடு. உன் அம்மாவை எடுக்கவிடமாட்டேன், சத்தியம். உன் பேர் அதில் வந்து போனதை மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.

பேசிக் கெடுத்த
உன் அப்பா