மூன்றாவது அடையாளம்

புரொண்பி,
கார்த்திகை 2009

அக்கா,

நேற்றுத் தொலைபேசியை வெட்டியது நான்தான். இணையத்தில் வந்த போர்ப் படத்தில் செத்துக் கிடப்பவன் எங்கள் தம்பிதான் என்று அடித்துச் சொன்னாய். "வாய்க்குக் கீழ, நாடியில இருக்கிற தழும்பு றெஜியின்ர. போட்டிருக்கிறதும் நீ அனுப்பின சேட்டுத்தான். இன்னும் என்னடா வேணும் உனக்கு? தேவாலயத்தில அவன்ர ஆத்துமப் பூசைக்குக் குடுத்திட்டன், வாறியோ இல்லையோ?" ஊரில் அகதி முகாமில் இருக்கும் அம்மாவுக்கும் சொல்லப்போகிறாயாம். சொல்லாதே.

இன்று காலை, கூட வேலைசெய்யும் ஹென்னிங் குருவி பார்க்கக் கூட்டிப்போனான். நெற்றி சிவந்த சின்னக் குருவிகள், குளிருக்கு வடக்கிலிருந்து இறங்கியவை. அவற்றுக்குள் அரிதான வெள்ளை இனம் ஒன்று கலந்திருக்குமாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆறு டேனிஷ்காரர் இரண்டு மணித்தியாலம் ஒரு குருவிக்காகச் சண்டை பிடித்தார்கள். முதுகின் அடி வெள்ளை, அலகு சிறியது. வாலின் கீழே கோடு இருக்கிறதா என்று பார்க்குமுன் அது பறந்துவிட்டது. மூன்று அடையாளமும் இல்லாமல் பெயர் எழுதக்கூடாதென்று ஹென்னிங் குறிப்பேட்டில் "எதுவென்று தெரியாது" என்று எழுதினான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வைகாசியில் நகரமண்டபத்துக்கு முன்னால் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் படங்களோடு நின்றபோது இவர்களில் ஒருவனாவது இரண்டு நிமிடம் நின்று பார்த்தானா?

ஆனாலும் அவன் எழுதியது சரி. றெஜியின் பெயருக்கு நேரேயும் அதையே எழுது. பூசையை நிறுத்து.

மூன்றாவது அடையாளம் எனக்குத் தெரியும். அவனுடைய இடது காதின் நுனி, சிறுவயதில் நான் கடித்துக் குறையாய்ப் போனது. படத்தில் அந்தக் காது தெரிகிறது. நான் இன்னும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

உன் மற்றத் தம்பி