பயந்த கோளாறு

அய்யனார் துணை

ராஜபாளையம்

அன்பு மகன் தங்கப்பாண்டியனுக்கு அம்மா மாடத்தி எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டுப் பனி இறங்கியிருக்கிறது, முழங்கால் வலி தவிர எனக்கு மேலுக்கு ஒன்றும் இல்லை, அங்கே ஜோத்பூரில் நீயும் மருமகளும் பேரன் ஹரிஷும் சுகமாக இருக்கவேண்டும். உன் தங்கச்சி மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, நம் வம்சத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற முதல் பிள்ளை. அவள் தம்பி ஜில்லா கபடியில் கப் வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனான். உன் மகன் பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் என்று நான் சொல்லாத வீடு தெருவில் இல்லை. பெருமைக்குக் குறைவில்லை அய்யா, ஆனால் இதை எழுதுவது அதற்காக இல்லை. போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், பிள்ளை பக்கத்தில் நிற்பான், அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

எதிர்வீட்டுப் பால்ச்சாமியை உனக்குத் தெரியும், மில் வேலைக்காரன், அதிர்ந்து பேசாதவன். அவன் மகள் மகாஸ்ரீ இரண்டாம் வகுப்பு. கொஞ்ச காலமாகப் பிள்ளை தூக்கத்தில் அலறியது, பாயை நனைத்தது, பூ வைக்கக் கையைத் தூக்கினாலே குனிந்துகொண்டது. பயந்த கோளாறு என்று தெருவே சொன்னது. அவள் அம்மா வெங்கடேஸ்வரி அந்தி நேரத்தில் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதி ஊதச்சொல்லிக் கொண்டுவந்தாள், கோயிலில் மந்திரித்துக் கறுப்புக்கயிறும் கட்டினாள். நாயைப் பார்த்துப் பயந்திருக்கும் என்றோம், இருட்டு என்றோம், புளியமரம் என்றோம், வீட்டுக்குள்ளே யாரைக் கண்டு பயம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஐப்பசியில் தெருவில் டெங்கு வந்தது, சுகாதார நர்ஸ் ஃபரீதா காய்ச்சல் முகாம் போட்டாள். மேலில் செம்புள்ளி இருக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்தவள் மகாஸ்ரீ முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் பெல்ட்டுத் தடம். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அறைந்ததில் காதுச் சவ்வு கிழிந்து சீழ் வைத்துவிட்டது, அந்தக் காது இனிமேல் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் கூட்டிப்போன பால்ச்சாமி ஸ்டேஷனிலும் அதிர்ந்து பேசவில்லை. வாய்ப்பாடு தப்பாச் சொன்னா அடிக்காமக் கொஞ்சவா செய்வாக, எங்கய்யா என்னைய அடிச்ச அடிக்கு இது எம்மாத்திரம் என்று கேட்டானாம்.

அதோடு விட்டிருந்தால் எனக்கும் தூக்கம் வந்திருக்கும். ஃபரீதா மறுநாள் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினாள். இங்க பிள்ளைகளை யாரு பாத்துக்கிறாக, கோவம் வந்தா என்ன செய்வீக என்று கேட்டாள். பக்கத்து வீட்டுச் சங்கிலிப்பாண்டி, கொசுப் பாக்க வந்தவளுக்கு எங்க வீட்டுச் சண்டை என்னத்துக்கு, தொட்டியப் பாத்தமா போனமான்னு இரு என்று விரட்டினார். அவள் நகரவில்லை. ஒரு வீட்ல டெங்குன்னா தெரு முழுக்க மருந்தடிக்க விடுறீகள்ல அண்ணாச்சி, இதுவும் அப்படித்தான், அடிவாங்குன பிள்ளை நாளைக்கு அது பிள்ளைய அடிக்கும், இது சண்டை இல்ல, பரவுற சீக்கு என்றாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்னிடம் கேட்டபோது நான் பெருமையாகத்தான் சொன்னேன். எங்க பிள்ளைகள்ல சோடை கிடையாது, பேரன் முதல் ரேங்க், அவன் அப்பன் சுவத்துல பிரம்பு தொங்கவிட்டிருக்கான், அதைப் பாத்தாலே புஸ்தகத்தை எடுத்துருவான் என்றேன். ஃபரீதா சிரிக்கவில்லை. பேரன் போன்ல என்ன பேசுவான் ஆச்சி என்று மட்டும் கேட்டாள். நல்லாயிருக்கேன் அப்பத்தா, சாப்பிட்டேன் அப்பத்தா, அவ்வளவுதான். முன்னே ஒட்டகம் பார்த்தேன், பல் விழுந்தது என்று மூச்சு விடாமல் பேசுகிற பிள்ளை, எப்போது நிறுத்தினான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ டியூட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மருமகளிடம் கேட்டேன், துருவிக் கேட்டது நான், அவளைக் கோபிக்காதே. படுக்கையை நனைக்கான் அத்தை, ஏதோ பயந்திருக்கான் போல, ஒரு கயிறு மந்திரிச்சு அனுப்புங்க என்றாள்.

கயிறு அனுப்பவில்லை அய்யா. உன் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. அந்தப் பிரம்பை அவன் கண் முன்னாலேயே முறித்துப் போடு. டாக்டரிடம் காட்டும்போது நீயும் கூடப் போ, பிள்ளை பயந்திருக்கான் என்று சொல்லாதே, நீ என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல். அடிக்கிற தகப்பன்மாருக்கும் அங்கே யோசனை சொல்லுவார்களாம், கேட்பதில் கவுரவக் குறைச்சல் இல்லை. முதல் ரேங்க் எனக்கு வேண்டாம், இனிமேல் தெருவில் சொல்லவும் மாட்டேன். மகாஸ்ரீக்கு வந்தது நம் பிள்ளைக்கு வரக்கூடாது.

அய்யனார் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், பல்லாண்டு நன்றாக இருங்கள். பங்குனிக்கு லீவு கேட்க மறந்துவிடாதே. அதற்கு முன்னால் ஹரிஷைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, செல்லில் வேண்டாம், எனக்குச் சரியாகத் தெரிவதில்லை, பெரிசாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. நீயும் பக்கத்தில் நின்று அவன் தோளில் கையைப் போட்டுக்கொள். உன் கை பட்டிருக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
மாடத்தி